திறப்பைத் திருப்பினால் 'டிக் டிக்': மொறிஸ் மைனரின் பெற்றோல் பம்ப் பற்றி இதெல்லாம் தெரியுமா?

பழைய காருக்கு மின்சாரப் பெற்றோல் பம்ப் பூட்டலாமா? பூட்டினால் அதன் பழமை கெட்டுவிடாதா? கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ பழைய கார் வைத்திருக்கும் இருவர் சந்தித்தால் இந்தக் கேள்வி வராமல் போகாது. அந்த வாக்குவாதத்துக்கு ஒரே வரியில் முடிவு கட்டும் செய்தி ஒன்று தெரியுமா? இலங்கையர் தங்கள் வீட்டுப் பிள்ளையாகவே வளர்த்த மொறிஸ் மைனர், 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் முகம் காட்டியபோதே மின்சாரப் பம்ப்புடன்தான் வந்தது!

ஆமாம், இலங்கை சுதந்திரம் அடைந்த அதே ஆண்டு. கொழும்பில் டிராம் வண்டிகளின் காலம் முடியப்போகும் நேரத்தில் வந்த காருக்குள், திறப்பைத் திருப்பியதும் 'டிக் டிக் டிக்' என்று தானாக விழித்து, கார்பரேற்றரை நிரப்பிவிட்டுத் தானாக ஓயும் ஒரு மின் கருவி இருந்தது. பொனற்றைத் திறந்தால் பின்சுவரில் கைக்கு எட்டும் உயரத்தில் உருளையாக நிற்குமே, அதுதான். எஸ்.யூ. பம்ப். இன்றும் அதே இடத்தில், சில கார்களில் அன்றைக்குப் பூட்டிய அதே பம்ப்!

கார்களின் தொடக்கக் காலத்தில் பெற்றோல் எப்படி எஞ்சினுக்குப் போனது என்று கேட்டால் இன்னும் வியப்பு. பல கார்களில் பம்பே கிடையாது! ஃபோர்ட் மொடல் டி காரில் தாங்கி முன் ஆசனத்துக்கு அடியில் இருந்தது. அங்கிருந்து பெற்றோல் தன் பாரத்தினாலேயே கீழிறங்கிக் கார்பரேற்றருக்குப் போகும். தாங்கியில் பெற்றோல் குறைந்த நேரத்தில் செங்குத்தான ஏற்றம் வந்தால்? எஞ்சின் உயர்ந்து தாங்கி தாழ்ந்துவிடும், கார் நின்றுவிடும். அப்போது ஓட்டுநர் என்ன செய்தார் தெரியுமா? காரைத் திருப்பி, பின்பக்கமாகவே மலையேறினார்! சுமார் ஒன்றரைக் கோடி கார்கள் விற்ற மொடலின் கதை இது. தொடக்கக் கால ஒஸ்ரின் செவனிலும் தாங்கி எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் இடையில், உயரத்தில்தான் இருந்தது. மோதினால் பெற்றோல் யார் மடியில் கொட்டும் என்று சொல்லத் தேவையில்லை. தாங்கியைக் காரின் பின்புறத்துக்கு அனுப்ப வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அனுப்பினால் பெற்றோலை முன்னுக்கு இழுத்துவர ஏதாவது வேண்டும். பம்ப் பிறந்தது இப்படித்தான்.

எஸ்.யூ. என்றால் 'ஸ்கின்னர்ஸ் யூனியன்'. ஜோர்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் என்பவரின் குடும்பத் தொழில் என்ன தெரியுமா? சப்பாத்து! லில்லி அண்ட் ஸ்கின்னர் என்ற சப்பாத்துக் கடைகளின் ஸ்கின்னர் குடும்பம். அவருடைய முதல் கார்பரேற்றரில் விரிந்து சுருங்கும் பகுதி தோலினால் ஆனது என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. கொம்பனி 1910இல் தொடங்கி, 1926இல் வில்லியம் மொறிஸின் கைக்கு வந்தது. மொறிஸ் கார்களுக்கு எஸ்.யூ. கார்பரேற்றரும் எஸ்.யூ. பம்பும் சீதனம் போல வந்து சேர்ந்தது அந்த உறவினால்.

இனி அந்தப் பம்பின் உள்ளே போவோம். இந்த இடத்தில்தான் எனக்கு மூச்சு முட்டுகிறது, ஏனென்றால் உள்ளே மோட்டாரே இல்லை! சுழலும் உறுப்பு ஒன்றுகூட இல்லை. ஒரு கொயில், ஒரு இரும்புத் தட்டு, அதோடு இணைந்த டயப்ரம், ஒரு ஸ்பிரிங், பெற்றோல் வர ஒரு வால்வு, போக ஒரு வால்வு, ஒரு சோடி போயின்ற். அவ்வளவுதான். திறப்பைத் திருப்பியதும் கொயில் காந்தமாகி இரும்புத் தட்டை இழுக்கிறது. டயப்ரம் பின்வாங்குகிறது, பின்னாலிருந்து பெற்றோல் உறிஞ்சப்பட்டு உள்ளே வருகிறது. தட்டு தன் எல்லையைத் தொட்ட கணத்தில் ஒரு சின்னப் பொறி 'டிக்' என்று புரண்டு போயின்றைப் பிரித்துவிடுகிறது. மின்சாரம் நின்றது, காந்தம் செத்தது. இப்போது ஸ்பிரிங்கின் முறை. அது டயப்ரத்தை முன்னுக்குத் தள்ள, பெற்றோல் கார்பரேற்றருக்குப் போகிறது. தள்ளி முடிந்ததும் பொறி மறுபடியும் புரண்டு போயின்றைச் சேர்க்க, எல்லாம் முதலிலிருந்து!

கவனித்தீர்களா? பெற்றோலை உறிஞ்சுவதுதான் மின்சாரம். தள்ளுவது ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் பலத்துக்கு மேல் ஒரு துளி அழுத்தமும் கார்பரேற்றருக்குப் போக முடியாது. கார்பரேற்றரின் கிண்ணம் நிறைந்து மிதவை ஊசியை மூடியதும், பெற்றோல் போக வழியில்லை. ஸ்பிரிங் தள்ளிப் பார்க்கும், டயப்ரம் அசையாது. அசையாததால் போயின்றும் சேராது. பம்ப் அப்படியே காத்திருக்கும். எஞ்சின் ஒரு வாய் குடித்தால் ஒரு 'டிக்'. கணினி இல்லை, உணரி இல்லை. தேவைக்கு மட்டும் வேலை செய்யும் புத்தியை அந்தக் காலத்து எஞ்சினியர்கள் ஒரு ஸ்பிரிங்குக்குள் வைத்துவிட்டார்கள்!

அந்த இரும்புத் தட்டு கொயிலின் நடுவில் பிசகாமல் நிற்கப் பித்தளை உருளைகள் சுற்றிவர வைக்கப்பட்டிருக்கின்றன. எத்தனை தெரியுமா? 11. பழக்கமில்லாதவர் பம்பைக் கழற்றினால் முதலில் நடப்பது, 11 உருளைகளும் நிலத்தில் ஓடித் திரிவதுதான். பம்ப் பிரிக்கும் முன் கீழே ஒரு வெள்ளைத் துணி விரிக்கும் கராஜ் பாஸிடம் காரை நம்பிக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

போயின்றில் தீப்பொறி பறக்குமே, பெற்றோலுக்குப் பக்கத்தில் தீப்பொறியா என்று பயப்படுவோருக்கு ஒரு நிம்மதி. பெற்றோல் டயப்ரத்தின் ஒரு பக்கம். போயின்ற் அதற்கு நேர் எதிர் முனையில், கறுப்பு மூடிக்குள். இரண்டும் சந்திப்பதே இல்லை.

இந்தப் பம்ப் வாய் திறந்து பேசும் என்றால் நம்புவீர்களா? காது கொடுத்துக் கேட்கத் தெரிந்தால் கருவி ஒன்றும் தேவையில்லை. திறப்பைத் திருப்பியதும் வேகமாகச் சில 'டிக்', பிறகு மெதுவாக, பிறகு மௌனம்: எல்லாம் சுகம். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமலே ஓயாமல் வேகமாக அடித்துக்கொண்டிருந்தால் தாங்கி காலி, அல்லது வரும் குழாயில் எங்கோ காற்று இழுக்கிறது. பெற்றோல் வராமல், தயங்கித் தயங்கி மெதுவாக அடித்தால் வடிகட்டி அடைத்திருக்கலாம். நின்றபின் அரை நிமிடத்துக்கு ஒருமுறை தனியாக ஒரு 'டிக்' கேட்டால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். அதுவே சில விநாடிக்கு ஒருமுறை கேட்டால் ஊசி சரியாக மூடவில்லை, எங்கோ பெற்றோல் கசிகிறது. மூக்கை நீட்டிப் பாருங்கள். ஒன்றுமே கேட்காவிட்டால்? பெரும்பாலும் போயின்ற் கருகியிருக்கும்.

அந்த 'ஒன்றுமே கேட்காத' நிலைக்குத்தான் உலகம் முழுவதும் ஒரே வைத்தியம்: ஸ்பனரின் பிடியால் பம்பில் மெல்ல ஒரு தட்டு. உடனே 'டிக் டிக்'! ஆங்கிலேயர் தட்டியதும் அப்படித்தான், கொழும்பு டாக்சிக்காரர் தட்டியதும் அப்படித்தான். மந்திரம் ஒன்றுமில்லை. போயின்றின் முகத்தில் படிந்த மெல்லிய படலம் அதிர்வில் விலகி, மின்சாரம் வழி கண்டுகொள்கிறது. ஆனால் தட்டுவது வீடு போய்ச் சேர்வதற்கு மட்டும். மூடியைக் கழற்றி, போயின்றுக்கு இடையில் மிக நைசான தாளை விட்டு இழுத்துச் சுத்தம் செய்யாவிட்டால் அடுத்த தட்டும் காத்திருக்கிறது. மரைன் டிரைவ் ஓரத்தில், உப்புக்காற்று ஜன்னல் கம்பியையே தின்னும் வெள்ளவத்தையில் கார் நிறுத்துபவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. அதிலும் வாரக்கணக்கில் ஓடாமல் நிற்கும் காரின் போயின்ற்தான் முதலில் கெடும்.

பம்பின் வேகமும் ஒரு வியப்பு. மைனரின் பம்ப் மணிக்கு ஏழு, எட்டுக் கலன் பெற்றோல் தள்ள வல்லது. கலனுக்கு 40 மைல் ஓடும் ஒரு மைனர் 40 மைல் வேகத்தில் போனால் மணிக்கு எவ்வளவு குடிக்கும்? ஒரே ஒரு கலன்! பம்பின் வாழ்நாளில் பெரும்பகுதி காத்திருப்புத்தான்.

சரி, ஒஸ்ரின் ஏ40, வொக்ஸ்வேகன், ஃபியட் 1100 வைத்திருப்பவர்கள் என்ன செய்ய? அவற்றில் பம்ப் எஞ்சினிலேயே பூட்டப்பட்டு, எஞ்சின் சுழற்சியில் ஒரு நெம்புகோல் அசைந்து டயப்ரத்தை இயக்கும். எளிமையானது, வயரே இல்லாதது. ஒரு பெரிய எதிரி மட்டும் உண்டு: சூடு. பெற்றோலில் இலகுவான பகுதி எந்த வெப்பத்தில் கொதிக்கத் தொடங்கும் தெரியுமா? ஏறத்தாழ 35, 40 பாகை செல்சியஸில்! கொழும்பு மத்தியான வெயிலே 31, 32. பம்பலப்பிட்டிச் சந்தியில் சிவப்பு விளக்குக்குக் காத்து நிற்கும் காரின் பொனற்றுக்குள் எவ்வளவு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். குழாய்க்குள்ளேயே பெற்றோல் ஆவியாகிக் குமிழி கட்டும். பம்ப் குமிழியை அமுக்கிக்கொண்டே இருக்கும், பெற்றோல் வராது. ஆவியடைப்பு!

உறிஞ்சும் குழாயில் இது இன்னும் மோசம். உறிஞ்சினால் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். கடுகண்ணாவை ஏற்றத்தைத் தாண்டி, கடல்மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேல் இருக்கும் நுவரெலியாவுக்குப் போகும்போது வளியமுக்கமும் குறைகிறது. மலையில் குளிர், ஆனால் எஞ்சின் முழுப் பலத்தோடு இழுத்துக் கொதிக்கிறது. அக்கரையில் ஊட்டி, கொடைக்கானல் மலைப்பாதைகளில் அம்பாசிடரும் ஃபியட்டும் ஓட்டியவர்கள் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றி வைத்தது இதற்காகத்தான். துணியிலிருந்து நீர் ஆவியாகும்போது பம்பின் சூட்டையும் எடுத்துப்போகும். அசல் பௌதிகவியல்!

தாங்கிக்குப் பக்கத்தில், காரின் பின்புறத்தில் ஒரு சின்ன மின்சாரப் பம்பை வைத்தால் நிலைமை தலைகீழாகிறது. இப்போது பெற்றோல் இழுபட்டு வரவில்லை, தள்ளப்பட்டு வருகிறது. நீண்ட குழாய் முழுவதும் அழுத்தத்தில் இருப்பதால் குமிழி எளிதில் எழாது. பழைய காருக்கு மின்சாரப் பம்ப் பூட்ட இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. இன்னொரு வரமும் உண்டு. மாதக்கணக்கில் நின்ற காரை, கார்பரேற்றர் நிறையும் வரை ஸ்டார்ட்டரை அரைத்து அரைத்துப் பற்றரியைக் கொல்லாமல், திறப்பைத் திருப்பிச் சிறிது பொறுத்தாலே போதும்.

இங்கேதான் ஆபத்தும் தொடங்குகிறது. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் எந்தக் காரின் பம்பும் கிடைக்கும். புதிய ஜப்பான் காரின் பம்ப், பார்க்கப் பளபளப்பு, பலமோ பலம். அதை வாங்கி மைனருக்குப் பூட்டினால் என்ன ஆகும் தெரியுமா? பெற்றோலைப் பீச்சும் புதுவகை எஞ்சினுக்குச் சதுர அங்குலத்துக்கு 40 முதல் 60 இறாத்தல் அழுத்தம் வேண்டும். எஸ்.யூ. கார்பரேற்றர் கேட்பது ஒன்றரை முதல் மூன்று இறாத்தல் மட்டும்! சங்கில் பால் புகட்ட வேண்டிய குழந்தைக்குத் தீயணைப்புக் குழாயை நீட்டுவதுதான் இது. மிதவை ஊசியைத் தள்ளித் திறந்துகொண்டு பெற்றோல் பொங்கி, சூடான புகைக்குழாயின் மேலேயே வழியலாம். பழைய காருக்குப் பம்ப் தேடும்போது கேட்க வேண்டிய முதற்கேள்வி 'எத்தனை இறாத்தல்?' என்பதுதான். கார்பரேற்றருக்கென்றே செய்த ஃபேசெட், ஹார்டி போன்ற பம்புகள் உண்டு. அவற்றிலும் அழுத்தம் குறைந்த வகையைப் பார்த்து எடுக்க வேண்டும். கூடினால் நடுவில் ஓர் அழுத்தச் சீராக்கி பூட்ட வேண்டும்.

பெற்றோல் கூடினால் எஞ்சின் செத்துவிடும் என்ற இந்தப் பாடத்தை ஒரு காலத்தில் போர் விமானங்களே படித்தன, தெரியுமா? ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் விமானங்களின் மேர்லின் எஞ்சினிலும் இருந்தது எஸ்.யூ. கார்பரேற்றர்தான்! விமானம் திடீரென்று மூக்கைக் குத்திக் கீழே பாய்ந்தால் மிதவை நிலைகுலைந்து, பம்ப் தள்ளும் பெற்றோல் முழுவதும் உள்ளே பொங்கி, எஞ்சின் மூச்சுத் திணறி நிற்கும். எதிரி பின்னால் நிற்கும் நேரத்தில்! தீர்த்து வைத்தவர் பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் எஞ்சினியர். 1941இல் அவர் கொடுத்த மருந்து, நடுவில் ஓட்டை போட்ட ஒரு சின்ன உலோக வில்லை. எஞ்சின் அதிகபட்சம் குடிக்கக்கூடிய அளவுக்கு மேல் பெற்றோல் போக அந்த ஓட்டை விடாது. அவ்வளவுதான், அவ்வளவேதான்! 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலையில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது இரத்மலானையிலிருந்தும் குதிரைப்பந்தயத் திடலிலிருந்தும் எழும்பியவை மேர்லின் எஞ்சின் பூட்டிய ஹரிகேன்கள். மைனரின் கார்பரேற்றரில் பொறித்திருக்கும் அதே இரண்டு எழுத்துகள் மைனர் பிறப்பதற்கு ஆறு ஆண்டு முன்பே கொழும்பு வானத்தில் பறந்திருக்கின்றன!

மின்சாரப் பம்பைப் பெற்றோலுக்குள்ளேயே மூழ்க வைத்தால்? 1961இல் வந்த முதல் ஜாகுவார் ஈ-டைப் கார்களில் அதைத்தான் செய்தார்கள். தாங்கிக்குள்ளேயே மின்மோட்டார்! தீப்பிடிக்காதா? பெற்றோல் ஆவி எரியக் காற்று வேண்டும். காற்றில் ஏறத்தாழ ஒன்றரை முதல் ஏழரை வீதம் வரை ஆவி கலந்தால்தான் பற்றும். பெற்றோல் உள்ள தாங்கிக்குள் ஆவி அதைவிட மிக அடர்த்தி. இன்றைய பெற்றோல் கார்கள் ஏறத்தாழ எல்லாவற்றிலும் பம்ப் தாங்கிக்குள்தான், அதைக் குளிர வைப்பதும் சுற்றியுள்ள பெற்றோலே. 2022இல் வாரத்துக்கு 20 லீற்றர் என்று கியூஆர் காட்டிப் பெற்றோல் செட் வாசலில் காத்துக் கிடந்தோமே, அப்போது தாங்கியின் அடியில் ஒட்டியிருந்த கடைசிச் சொட்டில் ஓடிய புதிய கார்களின் பம்புகள் படாத பாடு பட்டிருக்கும். பின்சுவரில் காற்று வாங்கிக்கொண்டிருந்த மைனர் பம்புக்கு அந்தத் துன்பம் இல்லை.

மினி காரின் கதை இன்னும் விசித்திரம். 1959இல் மின்சாரப் பம்ப்போடு வந்து, 1969 வாக்கில் எஞ்சினால் இயங்கும் பம்புக்கு மாறிவிட்டது! காலம் பின்னோக்கி ஓடியது போலத் தோன்றும். ஆனால் மினியில் மின்சாரப் பம்ப் பூட்டியிருந்த இடம் பின் சில்லுக்குப் பக்கத்தில், காரின் அடியில். மழைத்தண்ணீரும் சேறும் நேரே முகத்தில். நல்ல பொருளையும் தப்பான இடத்தில் வைத்தால் அது கெட்ட பெயர் வாங்கும். ஆகவே பின்னால் பம்ப் பூட்டும்போது சில்லு வீசும் தண்ணீர் படாத இடமும், புகைக்குழாயிலிருந்து தூரமும் பாருங்கள். பம்புக்கு முன்னால் ஒரு வடிகட்டி, வயருக்கு ஒரு பியூஸ், ஒரு ரிலே.

இவற்றோடு கட்டாயம் வேண்டியது அதிர்வுத் துண்டிப்பான். ஏன்? எஞ்சினோடு இயங்கும் பம்ப், எஞ்சின் நின்றால் தானும் நிற்கும். மின்சாரப் பம்போ, கார் மோதிக் குழாய் அறுந்து கிடந்தாலும் திறப்பு திருப்பியபடியே இருந்தால் பெற்றோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். துண்டிப்பானுக்குள் என்ன இருக்கிறது தெரியுமா? ஒரு காந்தத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் ஓர் இரும்புக் குண்டு! மோதிய கணத்தில் குண்டு காந்தத்தை விட்டுத் தெறித்து மேலே இடிக்க, மின்சாரம் அறுகிறது. மேலே இருக்கும் பொத்தானை அழுத்தினால் பழைய நிலைக்கு வரும். ஒரு குண்டும் ஒரு காந்தமும் குடும்பத்தையே காக்கும். இதைப் பூட்டாமல் மின்சாரப் பம்ப் பூட்டித் தரும் கராஜுக்கு நான் யாரையும் அனுப்ப மாட்டேன்.

இத்தனை மைனர்கள் இலங்கையில் மட்டும் எப்படித் தப்பின? 1960களிலும் 70களிலும் கார் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. உள்ளதைக் காப்பாற்றுவதே வழி. 1977க்குப் பிறகு கதவு திறந்து ஜப்பான் கார்கள் வந்தன. 2020இல் மறுபடியும் இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு வழி திறந்தது. திருத்தித் திருத்திக் கைவந்த நம் தொழிலாளரின் திறமையைப் பார்த்து, இங்கிலாந்தின் பாத் நகரத்து மைனர் வல்லுநர் சார்ள்ஸ் வேர் தென்னிலங்கையில் உதிரிப்பாகத் தொழிற்சாலைக்கே கைகோத்தார். மைனர் பிறந்த நாட்டுக்கு மைனரின் பாகங்கள் இலங்கையிலிருந்து போயின!

யாழ்ப்பாணத்தின் கதையை எழுதும்போது என் கை தானாக மெதுவாகிறது. 1990களின் பொருளாதாரத் தடையில் அங்கே பெற்றோல் இல்லை. மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் எதில் ஓடின? மண்ணெண்ணெயில்! குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. எங்கோ பொத்திப் பாதுகாத்த சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் கார்பரேற்றருக்குள் நேரே விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு அந்தக் கார்கள் நோயாளரை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோயின, மணமக்களைக் கோயிலுக்குக் கொண்டுபோயின. அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின் என்பதால்தான் அது முடிந்தது. இன்றைய கார் ஒன்று அந்த மண்ணெண்ணெயில் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடித்திருக்காது.

எஸ்.யூ. பம்ப் இன்றும் புதிதாகச் செய்யப்படுகிறது என்றால் நம்புவீர்களா? இங்கிலாந்தின் சோல்ஸ்பரியில் பேர்லன் என்ற கொம்பனி அதே உருவத்தில், அதே 'டிக் டிக்' சத்தத்தோடு செய்கிறது. போயின்றே இல்லாத மின்னணு வகையும் உண்டு, தட்டுகிற வேலையே கிடையாது! வாங்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். மைனரில் பற்றரியின் எந்த முனை பொடியோடு பூட்டப்பட்டிருக்கும் தெரியுமா? இன்றைய கார்களுக்கு நேர் எதிராக, நேர்முனை! பழைய போயின்ற் பம்புகளில் பலவற்றுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, எப்படிக் கொடுத்தாலும் அடிக்கும். மின்னணுப் பம்புக்கு மாற்றிக் கொடுத்தால் அந்தக் கணமே கருகிவிடலாம். நம் கார்களில் பலவற்றை இடையில் யாராவது ஓல்டனேற்றரோ ரேடியோவோ பூட்டுவதற்காக எதிர்முனைக்கு மாற்றியிருப்பார்கள். ஓடர் கொடுக்கும் முன் பொனற்றைத் திறந்து, பொடிக்குப் போகும் தடித்த வயர் பற்றரியின் எந்த முனையிலிருந்து வருகிறது என்று பாருங்கள். அதைச் சொல்லிப் பம்பைக் கேளுங்கள்.